தாசன் அண்ணை பாயில் இருந்த நாள்

தட்டுகளில் சோறு போட்டாகிவிட்டது. ஆட்டிறைச்சிக் குழம்பும் ஊற்றியாகிவிட்டது. நீலச் சுவெட்டர் போட்ட பிள்ளைகள் தொண்ணூறு பேர் பள்ளிக்கூடச் சுவரோரம் செம்மண்ணில் வரிசையாக இருக்கிறார்கள். ஒருவரும் தட்டில் கை வைக்கவில்லை. வைக்கவேண்டாம் என்று சைகை காட்டியது நான்தான். வீடியோ எடுத்து முடியவில்லையே.

சுவரில் ஆறடி நீளத்துக்கு ஒரு பனர். அதிலே தாசன் அண்ணையின் அம்மா, சுற்றிவர அச்சடித்த ரோசாப்பூ மாலைக்கு நடுவில், எங்கள் எல்லாரையும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று ஒரு மூலையைத் தூக்கித் தூக்கி அடித்தது. அண்ணை அதை இழுத்து நேராக்குவதும், அது மறுபடி தூக்குவதுமாக ஒரு போராட்டம்.

நான் என் போனை எதிர்ப்பக்கத்து வகுப்பின் ஜன்னல் கட்டில் ஒரு செங்கல்லோடு சாத்தி நிறுத்தி, வீடியோவைத் தட்டிவிட்டு, அண்ணைக்குக் கை காட்டினேன். அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை வந்தார். கை முழுக்கச் சோக் தூள்.

அவரை எல்லாரும் மாமா நேமா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்கள் மாமா இல்லை. தான்சானியாவில் மாமா என்றால் அம்மா. நேமா அவருடைய மூத்த மகள். பிள்ளை பிறந்தபிறகு தாயைப் பிள்ளையின் பெயர் சொல்லித்தான் அழைப்பார்களாம். அவர் பேசியது ஆங்கிலம்; எனக்கு விளங்கிய தமிழில் தருகிறேன்.

"இந்த அம்மா யார்?"

"இவருடைய தாய்" என்றேன்.

"இருக்கிறாரா?"

"இல்லை. இறந்து கனகாலம். இன்றைக்குத்தான் நினைவு நாள்."

மாமா நேமா பனரைப் பார்த்தார். சோற்றைப் பார்த்தார். செங்கல்லோடு நின்ற என் போனையும் பார்த்தார்.

"அப்படியென்றால் இது செத்தவருக்கான சாப்பாடு."

"ஓம்... ஒரு மாதிரி."

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பி இரண்டு சொல் சொன்னார். தொண்ணூறு பேரும் தட்டுகளோடு எழுந்து வகுப்புகளுக்குள் போய்விட்டார்கள். ஒரு நிமிடத்தில் பனருக்கு முன்னால் வெறும் மண். அதில் பிள்ளைகள் இருந்த அடையாளம் மட்டும்.

தாசன் அண்ணை மெதுவாகக் கேட்டார். "ஜெயம், வீடியோ வந்ததோ?"

"எங்கை அண்ணை வந்தது?"

பனரும் நாங்களும்

எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அம்மா அப்பாவின் நினைவு நாளென்றால் மாதா கோயிலில் ஒரு பூசை. பிறகு ஊரிலே ஏதாவது ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு ஒருநாள் சாப்பாடு. சாப்பாட்டோடு பனரும் போகும். பனருக்கு முன்னால் பிள்ளைகள் இருந்து சாப்பிடுகிற படம் அன்றைக்கே எங்கள் போனுக்கு வந்துவிடும். அதை நாலு வட்ஸப் குழுவில் போடுவோம். கைகூப்பிய படங்கள் வந்து குவியும். அதோடு அந்த வருசக் கடமை முடிந்தது.

குறை சொல்லவில்லை. நானும் செய்தவன்தான். அந்தச் சோறு உண்மையான சோறு. பிள்ளைகளின் பசியும் உண்மையான பசி.

கனடாவில் நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கத்துப் பிளாசா ஒன்றில் பனர் அடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். போனால் தலை நிமிராமல் கேட்பார்: "மாலை ரோசாவோ மல்லிகையோ? மெழுகுதிரியோ குத்துவிளக்கோ?" நான் ஒருமுறை கேட்டேன், நாள் முழுக்க இதைச் செய்ய மனம் கஷ்டப்படாதோ என்று. அவர் சொன்னார்: "அண்ணை, எல்லாப் படத்திலையும் ஆக்கள் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரித்தான் நிக்கினம். எனக்கு அவை செத்த மாதிரியே தெரியிறேல்லை." இப்படி யாராவது ஒன்றைச் சொன்னால் எனக்கு ஒருகிழமைக்கு நினைத்துச் சிரிக்க அது போதும்.

தாசன் அண்ணை வருசம் தவறாமல் செய்கிறவர். ஆனால் அவர் படத்தைக் குழுக்களில் போடுவதில்லை. ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்புவார். யாழ்ப்பாணத்தில் இருக்கிற தன் அக்காவுக்கு. திரேசக்கா.

திரேசக்கா அதைத் திறந்து பார்ப்பார். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு விழும். அவ்வளவுதான். ஒரு சொல் வராது. அம்மா செத்த வருசத்திலிருந்து அக்கா தம்பியோடு கதைப்பதில்லை. நாட்டில் சண்டை முடிந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தபிறகு அண்ணை நேரே போயும் பார்த்தார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாராம். சீனி சரியோ என்றுகூடக் கேட்கவில்லையாம்.

போன கோடையில் மெற்றில்டா சிஸ்டர் எங்கள் கோயிலுக்கு வந்தார். மன்னாரில் பிறந்து, தான்சானியாவின் நடுப்பகுதியில் ஒரு வறண்ட கிராமத்தில் பல வருசமாகப் பள்ளிக்கூடம் நடத்துகிற கன்னியாஸ்திரி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், இரண்டு மணித்தியாலம் நடந்து வருகிற பிள்ளைகள், மத்தியானச் சோறு இருக்கிறதென்றே வருகிற பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு போனார். பூசை முடிந்து காரில் ஏறியதும் அண்ணை சொன்னார்:

"இந்த முறை நான் நேரை போறன். ஆளை விட்டுச் செய்விச்சது அக்காவுக்குப் பிடிக்கேல்லையோ தெரியாது. நான் என்ரை கையாலை பரிமாறுற வீடியோவை அனுப்பினா ஒரு வார்த்தை சொல்லாட்டிப் பாப்பம்."

"தனியவோ?"

"நீ என்னத்துக்கு இருக்கிறாய்?"

என் மகள் தன் வீட்டிலிருந்து வந்து எங்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டாள். பெட்டிக்குள் பனரைக் கண்டு, "அப்பா, திஸ் இஸ் சோ வியர்ட். அந்தப் பிள்ளையளுக்கு அவ ஆரெண்டே தெரியாது" என்றாள். "உனக்கு உதொண்டும் விளங்காது" என்று நான் சொன்னேன். பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்கிற இந்த வசனத்தை எத்தனை தரம் நாங்களே திருப்பி விழுங்கியிருக்கிறோம்.

கறுவா மணத்த நாள்

அக்கா ஏன் கதைப்பதில்லை என்பதைச் சொல்லவேண்டும். அதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஸ்காபரோவில் நாங்கள் ஆறு பேர் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் இருந்த காலம். ஒரு ஜன்னல், அதால் பார்த்தால் போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். சப்பாத்தை வைத்து ஆளைச் சொல்லுவோம். ஒரு றைஸ் குக்கர், அது ஓய்ந்ததே இல்லை. சமையல் முறைவைத்து. தாசன் அண்ணையின் முறை வந்தால் மீன் குழம்பு. என் முறை வந்தால் எல்லாருக்கும் வெளியே ஏதோ அலுவல் இருக்கும்.

இப்போது எனக்கு மூன்று அறை வீடு இருக்கிறது. அந்த ஆறு பேரின் சத்தம் அதில் இல்லை. சில ஞாயிறுகளில் மூடின குக்கரில் ஆவி தட்டுகிற சத்தம் கேட்டால் ஆராவது "டேய், இறக்கடா" என்று கத்தமாட்டார்களா என்றிருக்கும்.

ஒருநாள் காலை, நாங்கள் மத்தியான வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம், தொலைபேசி வந்தது. இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்த அம்மா ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அண்ணைக்கு அப்போது அகதி வழக்கு முடியவில்லை. நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே வர ஏலாது. அவர் கட்டிலில் இருந்து சப்பாத்துகள் போகிற ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

எனக்குப் பயம். தனியே விட்டால் ஏதும் ஆகிவிடுமோ என்று. "வேலைக்கு வாங்கோ அண்ணை. இஞ்சை தனிய இருந்தா விசர் பிடிக்கும்" என்று நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

நாங்கள் வேலை செய்தது பணிஸ் செய்கிற பேக்கரி ஒன்றில். கறுவாப்பட்டைத் தூளும் சீனியும் சூட்டில் உருகுகிற மணம் எங்கள் தலைமயிருக்குள்ளேயே குடியிருந்தது. இடைவேளையில் அண்ணை சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்த தொலைபேசியால் அக்காவுக்கு எடுத்தார். வவுனியாவில் ஒரு கடையில் அக்கா காத்துக்கொண்டு நின்றார். அண்ணை மெதுவாகக் கதைத்துக்கொண்டிருக்க, பக்கத்து மேசையில் யாரோ ஒரு பகிடி சொல்ல, பத்துப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. அம்மாவின் சவப்பெட்டி தூக்க ஆளில்லாமல் அயலில் கெஞ்சித் திரிந்ததை எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: அம்மா செத்த அன்றைக்கும் உன்ரை பக்கத்தில் ஆக்கள் சிரித்துக்கொண்டிருந்தவை.

அண்ணை அதை எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு மடித்து வைத்தார். அதற்குப் பிறகு கறுவா போட்ட பணிசை அவர் தொட்டு நான் காணவில்லை.

வாங்கு வேண்டாம்

திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நிற்கிறோம் அல்லவா?

குசினிக்குள் நின்ற மெற்றில்டா சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். மாமா நேமாவும் அவரும் சுவாஹிலியில் கதைத்தார்கள். சிஸ்டரின் முகம் ஒருமாதிரிப் போனது.

"அண்ணை, செத்த ஆளின்ரை சாப்பாட்டை இஞ்சை உப்பிடி வரிசையிலை இருத்திப் படமெடுக்கிறேல்லையாம். பிள்ளையளுக்குப் பசி, அதுகள் உள்ளுக்குப் போய்ச் சாப்பிடட்டுமாம். பெரிய ஆக்கள் முதலிலை பிள்ளையோடை இருக்கவேணுமாம்."

"எந்தப் பிள்ளையோடை?" என்றார் தாசன் அண்ணை.

மாமா நேமா சோக் விரலால் காட்டினார். எழுபதை எட்டிப்பிடிக்கப்போகிற தாசன் அண்ணையை.

பிறகு அவரே ஆங்கிலத்தில் அண்ணையிடம் கேட்டார்: "தாய் இறந்தபோது உங்கள் வீட்டுக்கு வந்து யார் இருந்தார்கள்?"

அண்ணை பனரைத் திரும்பிப் பார்த்தார். "ஒருத்தரும் இல்லை. நான் வேலைக்குப் போனேன்."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

மாமா நேமா தலையை ஆட்டினார். திட்டுகிற மாதிரியும் இல்லை, இரக்கப்படுகிற மாதிரியும் இல்லை. கணக்கிலே விட்ட பிழையைக் கண்டுபிடித்த வாத்தியாரின் தலையாட்டல் அது. ஒரு ஆசிரியையை எங்கேயோ அனுப்பினார்.

நான் சிஸ்டரிடம் கிசுகிசுத்தேன். "பனரைக் காலமை கண்டனீங்கள் தானே? சொல்லியிருக்கலாமே."

"கண்டனான். எங்கடை சனத்தைத் திருத்தேலாது எண்டு விட்டிட்டன்."

அரை மணித்தியாலத்தில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். தோட்டத்தில் நின்றவர்கள் தோட்டத்து மண்ணோடு. ஒருவர் தலையில் மூன்று விறகு. ஒருவர் கையில் ஒரு பேணி சோளமா. ஒருவர் ஒரு பூசணிக்காய். செத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லையாம். சாப்பாடு கொண்டுவந்தவர்கள் என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற இடத்தில், எங்கள் காலடியில் விறகும் மாவும் சேர்ந்துகொண்டிருந்தது.

பனருக்கு முன்னாலேயே மரநிழலில் பாய்கள் விரித்தார்கள். ஆண்கள் அங்கே பாயில் இருப்பதில்லை, மரத்தால் செய்த நீள வாங்கில்தான் இருப்பார்கள். அண்ணைக்கும் ஒரு வாங்கு கொண்டுவந்து வைத்தார்கள். அவர் அதைப் பார்த்தார். முழங்கால் நோவோடு, ஒரு கையை என் தோளில் ஊன்றி, மெல்ல மெல்லக் கீழே இறங்கிப் பாயில் இருந்தார்.

வருகிற ஒவ்வொருவரும் குனிந்து அவர் கையைப் பிடித்து ஒரு சொல் சொன்னார்கள். "போலே." கல் தடக்கினாலும் அங்கே அதைத்தான் சொல்வார்கள், களைத்து வந்தாலும் அதைத்தான், ஆள் செத்தாலும் அதைத்தான். வந்த அன்றைக்கே என் பெட்டி காலில் விழுந்தபோது மூன்று பேர் சொன்னார்கள்.

சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தார்கள். கதைக்கவில்லை. எங்கள் செத்த வீடுகளில் என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரி, கடைசியாக என்ன சாப்பிட்டவர் என்று கேட்டுக் களைக்க வைப்போமே, அது ஒன்றும் இல்லை. பாயில் கால் உரசுகிற சத்தம். ஒரு கைக்குழந்தை பால் குடிக்கிற சத்தம். வகுப்புக்குள்ளிருந்து பிள்ளைகள் கெக்கட்டம் விட்டுச் சிரிக்கிற சத்தம். நாங்கள் ஸ்காபரோவிலிருந்து கொண்டுபோன கறித்தூளின் உறைப்பில் ஒருவர் மூக்கு ஓடுவதைப் பார்த்து மற்றவர் சிரிக்கிறார்கள்.

பச்சைத் துணி சுற்றிய ஒரு பெண் அண்ணையின் இடப்பக்கம் இருந்தார். அவர்தான் முதலில் அழுதார். சத்தமில்லாமல், துணித் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்து.

தாசன் அண்ணை அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரின் வாய் கோணியது. "அம்மா" என்றார். ஒருமுறைதான். அதற்குப் பிறகு வந்தது சொல் இல்லை.

இத்தனை வருசம் ஒன்றாக இருந்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, அவருடைய குறட்டைச் சத்தத்துக்கே பெயர் வைத்தவன் நான். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது பக்கத்தில் போய் இருப்பது மட்டும்தான். இருந்தேன். "போலே அண்ணை" என்றேன். பகிடிக்கு இல்லை.

முதுகுகள் நிறைந்த வீடியோ

செங்கல்லோடு சாத்திய போனை நான் மறந்தே போனேன். எடுத்துப் பார்த்தால் அது தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறது. முக்கால்வாசி பெண்களின் முதுகுதான். முதுகுகளுக்கு நடுவில் அண்ணையின் வெள்ளைச் சேட்டு. ஒரு ஓரத்தில் காற்றில் அடிக்கிற பனர்.

திரும்பி வந்தபிறகு ஸ்காபரோவில் ஒரு கோப்பிக்கடையில் வைத்து அண்ணைக்கு அதைக் காட்டினேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

"உதை அக்காவுக்கு அனுப்பேலாது."

"ஏன்?"

"பரிமாறுற படம் ஒண்டும் இல்லை. நான் குழந்தைப்பிள்ளை மாதிரி குழறி அழுதுகொண்டு இருக்கிறன். என்ன நினைப்பா?"

"நீங்கள் இவ்வளவு வருசமாப் பரிமாறின படம்தானே அனுப்பினீங்கள். என்ன நடந்தது?"

அவர் கோப்பியை ஆற விட்டுக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் கோப்பி ஆறுகிற மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்கள் எங்கள் ஆட்களாகத்தான் இருக்கும். கடைசியில் போனை என் பக்கம் தள்ளினார். "என்னாலை ஏலாது. நீ அமத்து." அனுப்புகிற பொத்தானை நான் அமத்தினேன்.

அன்றைக்கு நீலக்கோடு விழுந்தது. மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஞாயிறு காலை, பூசைக்குப் போகிற வழியில், என் காருக்குள் அண்ணையின் போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு அவர் எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார். நான்தான் எட்டித் தட்டினேன்.

"டேய் தாசன்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நல்ல தெளிவான, வகுப்பறைக் குரல்.

"ஓம் அக்கா."

"அந்தப் பச்சைச் சீலை மனிசி ஆர்?"

"எது அக்கா?"

"உனக்குப் பக்கத்திலை இருந்து அழுதவ."

"தெரியாது அக்கா. அந்த ஊர் மனிசி."

"பேர் என்ன?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"கேக்கேல்லை அக்கா."

"அம்மாவுக்காக அழுத மனிசியின்ரை பேரைக் கேக்காமலே வந்தனி? உனக்கு அறிவில்லையே?" மூச்சு வாங்கியது. "பின்னாலை பிள்ளையள் சிரிக்கிற சத்தம் கேட்டது."

அண்ணை போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"உறைப்புக் கூடிப்போச்சு அக்கா. எங்கடை தூள்."

"ம்" என்றார். அப்புறம்: "பேரைக் கேட்டுச் சொல்லு." வைத்துவிட்டார்.

அத்தனை வருசத்துக்குப் பிறகு வந்த முதல் கதை ஏச்சு. அண்ணை அந்த ஏச்சைப் பூசை முடியுமட்டும் முகத்தில் வைத்துக்கொண்டு இருந்தார். நற்கருணை வாங்கப் போகும்போதும் அப்படியே.

மெற்றில்டா சிஸ்டருக்கு எழுதிக் கேட்டோம். மாமா பராக்கா என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறு அண்ணை அக்காவுக்குப் போன் எடுத்து, அந்த ஊர் வழக்கத்தோடு சேர்த்துச் சொன்னார். "அது பிள்ளையின்ரை பேரல்லோ? மனிசியின்ரை சொந்தப் பேர் என்ன?" மறுபடி சிஸ்டர். எஸ்தர். "எங்கடை பேராக் கிடக்கு. எத்தினை பிள்ளையள்?" நாலு. "தாய் இருக்கிறாவோ?" இருக்கிறா, பக்கத்து வீட்டில், இரண்டு பேருக்கும் ஒவ்வொரு நாளும் சண்டையாம். "அப்ப என்னத்துக்கு அழுதவ?"

இதற்குப் பதில் வர இரண்டு கிழமை சென்றது. எஸ்தர் சொன்னாராம்: "அழப்போகிற ஆளுக்குப் பக்கத்தில் இருந்தால் தெரியும். ஒருவர் தொடங்கி வைக்கத்தானே வேண்டும்."

அண்ணை அதைச் சொன்னபோது திரேசக்கா இன்னொருமுறை சொல்லச் சொன்னாராம். பிறகு வழக்கம்போல அடுத்த கேள்வி. அங்கே கிணறு எவ்வளவு ஆழம், பூசணிக்காயைக் கறி வைப்பார்களோ, அந்த டீச்சர் கலியாணம் கட்டினவவோ. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணை ஒரு பதிலோடு எடுப்பார். அக்கா ஒரு கேள்வியோடு இருப்பார். சிஸ்டர் களைத்துப்போய், "இனி அக்காவையே இஞ்சை வரச் சொல்லுங்கோ" என்று எழுதிவிட்டார்.

போன ஞாயிறு நானும் பக்கத்தில் நின்றேன். கோயில் வாசலில் புதுப் பனி கொட்டிக் கிடந்தது. அண்ணை காது சிவக்க நின்று கதைத்துக்கொண்டிருந்தார். கிணற்றின் ஆழத்தைச் சொல்லி முடித்தார். நான் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். எஸ்தரா, பூசணிக்காயா?

"பாயிலை இருக்கேக்கை ஜெயத்தின்ரை தோளைப் பிடிச்சுத்தான் இறங்கினாய்" என்றார் திரேசக்கா. "உனக்குக் கால் ஏலாதோ?"

இந்தக் கேள்விக்கு ஆப்பிரிக்காவுக்கு எழுதிக் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் தாசன் அண்ணை மற்ற எல்லாப் பதிலையும்விட இதற்குத்தான் கூடிய நேரம் எடுத்தார்.